கைபடாத தாள்கள்

இங்கிலீஷ் வாத்தியார் சந்தியாகு சார் போய்விட்டார் என்று கறம்பக்குடி பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். நான் டீக்கடையில் இருந்தேன். அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள். குளத்தூர்ப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பியூனாக இருந்தேன். எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் சார் அங்கே வந்தார். அதிகம் பேசமாட்டார்.

வருஷா வருஷம் மேலிடத்திலிருந்து நிரப்பி அனுப்ப ஓர் அச்சடித்த பாரம் வரும். இங்கிலீஷ் பாடப் புத்தகம் எப்படி இருக்கிறதென்று ஆசிரியர்கள் எழுதி அனுப்ப வேண்டும். போன வருஷத்துப் பாரத்தைப் பார்த்து எல்லாக் கட்டத்திலும் ‘திருப்தி’ என்று எழுதுவது எங்கள் பள்ளி வழக்கம்.

ஒரு கோடை விடுமுறைக்கு முன், ஏழைப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுத்த புத்தகங்களை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சார் பாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“முக்காவாசிக்கு யாரும் கையே வைக்கல போல சார்” என்றேன்.

ஓரத்தைக் காட்டினேன். முன்தாள்கள் விரல்பட்டுக் கறுத்திருந்தன. அதற்கப்பால் அச்சாபீஸ் வெள்ளை. எல்லாப் புத்தகத்திலும் கறுப்பு ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. சார் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பனி பெய்யும் ஊரில் ஒருவர் ரயிலுக்குக் காத்திருக்கும் பாடமாம் அது.

“எல்லாரும் இங்கனயே எறங்கிட்டாங்க” என்றார். பார்த்ததை அப்படியே பாரத்தில் எழுதினார்.

தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். நான் வாசலில் நின்றேன்.

“இத யாரு பார்த்தது?”

“நம்ம முத்தையா.”

“அவனுக்கு எழுத்தே தெரியாதேய்யா.”

“எழுத்துத் தெரிஞ்ச நாமதானே சார் வருஷா வருஷம் திருப்தின்னு எழுதுனோம்?”

தலைமையாசிரியர் கோபப்படவில்லை. “ஒங்க அப்பா படுக்கையில கெடக்காரு. மேல யாராச்சும் மனசுல வச்சு மாத்திவிட்டா என்ன செய்வீங்க?” என்று கேட்டு, திருத்தச் சொல்லிப் பாரத்தை நீட்டினார். சார் திருத்தவில்லை.

பள்ளி திறந்தபோது கறம்பக்குடிப் பக்கம் மாற்றல் வந்தது. காரணம் எதுவும் போடவில்லையாம். சனிக்கிழமைதோறும் பஸ் மாறி அப்பாவைப் பார்க்க வருவார். ஒரு சனிக்கிழமை அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோதே அப்பா அடங்கிவிட்டார்.

“நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் சார்” என்றேன், அடக்கம் முடிந்து திரும்பும்போது.

“நீங்க பார்த்ததச் சொன்னீங்க. எழுதுனவன் நான்ல” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு இல்லை. புத்தகமும் உடனே மாறவில்லை. இன்னும் சில வருஷம் அதுவே ஓடியது.

நேற்று, பெட்டி மூடுவதற்கு முன் சாரின் வீட்டம்மா ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார். புத்தகம் வாங்க முடியாத பிள்ளைகளுக்குச் சார் தம்முடையதைக் கொடுத்துத்தான் பாடம் நடத்துவாராம். அட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அதே புத்தகம். நான் விரிக்கவில்லை. ஓரத்தைத்தான் பார்த்தேன். முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை ஒரே கறுப்பு.

பெட்டிக்குப் பக்கத்தில் போய், “இதுல யாரும் பாதியில எறங்கல சார்” என்றேன்.

போய் வாருங்கள், சார்.