நகரசபை அம்மா குடித்த தண்ணீர்

எங்கள் வீட்டுக் குசினி அலுமாரியில் ஒரு கடுகுக் கிளாஸ் இருக்கிறது. ஜெர்மன்காரர் அரைத்த கடுகைக் கிளாஸில் அடைத்து விற்பார்கள். கடுகு முடிந்தால் கழுவித் தண்ணீர் குடிக்க வைத்துக்கொள்வார்கள். பெறுமதி இல்லாத சாமான். விளிம்பில் சின்ன உடைவு வேறு. மனைவி இரண்டு தரம் எறிந்தாள். இரண்டு தரமும் குப்பைக்குள் கை விட்டு எடுத்தேன். "ஊருக்கெல்லாம் கிளாஸ் கழுவின மனுசன், இதை மட்டும் ஏன் கட்டிப் பிடிக்கிறியள்?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல நீளமாகப் பேசவேண்டும். எனக்கு அது வராது. அதனால் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்தின் முதல் வருடங்கள். ஜெர்மனியில் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளாக நின்றேன். மன்னாரில் கடலுக்குப் போனவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இரண்டாம் மாடியில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குடிக்கவும் கொடுப்பது என் வேலை. கொடுத்தால் மட்டும் போதாது. யார் எவ்வளவு குடித்தார் என்று தாளில் எழுதவேண்டும். வயது போனால் தாகம் தெரியாது, குடிக்காவிட்டால் மயங்கி விழுவார்கள், அதற்காகத்தான் அந்தத் தாள். எனக்கு ஜெர்மன் ஓரளவு பேச வரும். எழுத வராது. மாடிக்குப் பொறுப்பான தாதியிடம் அதைச் சொன்னேன். அவர் மருந்துத் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தார். எப்படியாவது எழுது, பெட்டி வெறுமையாக இருக்கக்கூடாது என்றார். நான் தமிழில் எழுதினேன்.

பெட்டி சின்னது. ஓரத்திலும் எழுதினேன், பின்பக்கத்திலும் எழுதினேன். நாள் முழுக்க வாய் திறக்காத வேலை அது. பேசாததெல்லாம் தாளில் இறங்கியது போல. ஒன்பது மாதம் ஒருவரும் கேட்கவில்லை. என் கையெழுத்தே அவ்வளவு நீளம் என்று நினைத்திருப்பார்கள்.

இப்படியான இல்லங்களை மேற்பார்வை பார்க்க நகரசபையில் ஒரு கந்தோர் உண்டு. சொல்லாமல்தான் வருவார்கள். ஒரு நாள் காலை ஆறரைக்கு, மழைக் காற்சட்டையோடு, சைக்கிள் தொப்பியைக் கழற்றாமல் ஒரு அம்மா வந்தார். நான் அவரை நகரசபை அம்மா என்றே சொல்வேன். சூப்புக்குள் வெப்பமானி விட்டுப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். ஓர் அறையில் ஆளைக் கூப்பிடும் மணியை அமத்திவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். கனநேரம் நின்றார். நான் கோப்பி கொண்டுபோனேன். வேண்டாம் என்றார். பார்வையிட வந்த இடத்தில் பச்சைத்தண்ணியும் வாங்கக்கூடாதாம், சட்டமாம். எங்கள் பக்கத்தில் கோபக்காரன் வந்தாலும் ஏதாவது குடித்துவிட்டுத்தான் சண்டை பிடிப்பான். மூன்று தரம் கொண்டுபோனேன். மூன்றாம் தரம் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். திரும்பி வந்து என் தாளை எழுதினேன்.

ஒன்பதரைக்கு அவர் தாள்கள் அடுக்கிய கோப்பைத் திறந்தார். மற்ற வேலைக்காரர் எழுதிய தாள்கள் வெகு அழகு. ஆளுக்கு இருநூறு மில்லிலீட்டர், வேளைக்கு வேளை, ஒரே பேனை. தாளின்படி, பின்னேரம் நாலு மணிக் கோப்பியை ஒரு கிழவி காலை ஒன்பதரைக்கே குடித்து முடித்திருந்தார். பிறகு என் தாள் வந்தது. இல்லத்து நிர்வாகி முந்திக்கொண்டு, அது ஒரு வகை அடையாளம் என்றார். என்ன அடையாளம் என்று அம்மா என்னைக் கேட்டார். தமிழ் என்றேன். என்ன எழுதியிருக்கிறது? குடித்தது. இவ்வளவு வரியுமா? மிச்சம் குடிக்காதது.

ஒரு மாதத் தாளைப் பிரதி எடுத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளரோடு வருவேன் என்று சொல்லிப் போனார். நிர்வாகி என்னை அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த மாதம் எனக்கு விசா புதுப்பிக்கவேண்டும். எனக்கு மட்டுமில்லை, மனைவிக்கும் மகளுக்கும் அதோடுதான். வேலை நிரந்தரம் என்று இல்லம் கடிதம் தரவேண்டும். கடிதம் அடித்து மேசையில் இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. அதை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார். முதலில் நீ என்ன எழுதினாய் என்று பார்ப்போம் என்றார். அன்றிரவு நினைத்துப் பார்த்தேன். எழுதினதில் பாதி ஞாபகம் இருந்தது. அந்தப் பாதியே போதும் போல இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் ஹனோவரில் இருந்து வந்தார். யாழ்ப்பாணத்து ஆள், கழுத்துப்பட்டி, நீதிமன்றத்தில் சத்தியம் செய்த உத்தியோகம். ரயிலில் எல்லாம் வாசித்துக்கொண்டு வந்திருக்கிறார். நடையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, தண்ணி எவ்வளவு எண்டு எழுதச் சொன்னால் நீர் ஊர்க்கதை எல்லே எழுதி வைச்சிருக்கிறீர். இதை நான் எப்பிடி வாசிக்கிறது?"

"எழுதினபடி வாசியுங்கோ அண்ணை."

"தமிழன்ரை மானம் போகும்."

"விசாவும் போகும் அண்ணை. ரண்டும் சேர்ந்து போகட்டும்."

இல்லத்துச் சின்னக் குசினியில் ஐந்து பேர் இருந்தோம். அம்மா, நிர்வாகி, பொறுப்புத் தாதி, மொழிபெயர்ப்பாளர், நான். மொழிபெயர்ப்பாளர் முதல் தாளை எடுத்து மூன்று வரியை மனதுக்குள் வாசித்து, 'கொஞ்சம் குடித்தார்' என்று ஜெர்மனில் சொன்னார். அடுத்த மூன்று வரிக்கும் 'கொஞ்சம் குடித்தார்.' அம்மா அடிமட்டத்தைத் தாளில் வைத்து அளந்தார். உங்கள் மொழியில் இரண்டு சொல்லுக்கு இவ்வளவு இடம் தேவையா என்று கேட்டார். நீங்கள் சத்தியம் செய்தவர் என்றும் ஞாபகப்படுத்தினார். அதன் பிறகு மனிதர் பல்லுப் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி ஒவ்வொன்றாய்க் கழற்றினார்.

சூப்பில உப்பில்லை. ஒருத்தரும் குடிக்கேல்லை. நானும் குடிச்சுப் பாத்தன், அவையில பிழை இல்லை.

நிர்வாகி ஐயா வந்தவர். சுவருக்கு வணக்கம் சொல்லிப்போட்டுப் போனவர்.

பொறுப்புத் தாதி காலமை தொடக்கம் ஒண்டும் குடிக்கேல்லை. ஓடுறா. அவவுக்கும் ஒரு தாள் வேணும்.

ஏழாம் அறைக் கிழவர் தேத்தண்ணியை ரப்பர் செடிக்கு ஊத்தினவர். செடி நல்லா வளருது.

நிர்வாகி மேசையைப் பார்த்தார். தாதி யன்னலைப் பார்த்தார். அம்மாவின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. அடுத்ததை மொழிபெயர்ப்பாளர் சத்தம் குறைத்து வாசித்தார். 'ஏழாம் அறை. ஏன் குடிக்கிறேல்லை எண்டு கேட்டன். குடிச்சால் ஒண்டுக்குப் போகவேணும், மணி அடிச்சால் ஆள் வரச் சுணங்கும், நனைஞ்ச காற்சட்டையோட இருக்க வெக்கம் எண்டார்.'

அந்தக் கிழவர் முப்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் நின்றவர். அந்த மாதம் மட்டும் இரண்டு தரம் உடம்பில் தண்ணீர் வற்றி அம்புலன்சில் போனார். மற்றத் தாள்களில் அந்தக் கிழமைகளிலும் அவர் நன்றாகத்தான் குடித்திருந்தார். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அம்மா என்னைக் கேட்டார். எழுதியிருக்கிறேன் என்றேன்.

கடைசித் தாளில் மொழிபெயர்ப்பாளர் நின்றுவிட்டார். நெற்றியைத் துடைத்தார். அம்மா விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். அவர் என்னைப் பார்க்காமல் வாசித்தார்: 'நகரசபை அம்மா வந்தவ. மூண்டு மணித்தியாலம். கோப்பி மூண்டு தரம் குடுத்தன், வேண்டேல்லை. ஒரு சொட்டும் குடிக்கேல்லை. இப்பிடியே போனால் இவவும் விழுவா.'

எனக்கு லாச்சி ஞாபகம் வந்தது. அம்மா எழும்பினார். தொட்டிப் பக்கத்தில் கவிழ்த்திருந்த கடுகுக் கிளாஸை எடுத்தார். குழாயைத் திறந்தார். இது நகரசபைத் தண்ணீர், எங்களுடையது, யாருடைய அன்பளிப்பும் இல்லை என்று நிர்வாகிக்குச் சொன்னார். நின்றபடி குடித்தார். மிச்சத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நூற்றைம்பது என்று என்னிடம் சொன்னார். எழுதச் சொன்னார். எழுதினேன்.

அவருடைய அறிக்கை வந்தது. மணி அடித்தால் போக இன்னும் ஒரு ஆள் வைக்கவேண்டும். குடித்த பிறகுதான் எழுதவேண்டும். அந்த மாடியில் நம்பக்கூடிய தாள் ஒன்றுதான், அதை எழுதுகிறவருக்கு வேலை நேரத்திலேயே ஜெர்மன் எழுதப் படிப்பிக்கவேண்டும். என் கடிதம் லாச்சியை விட்டு வெளியே வந்தது, கையெழுத்தோடு. அதன் பிறகு நிர்வாகி எனக்கு முகத்தைப் பார்த்துத்தான் வணக்கம் சொன்னார், கொஞ்சம் அதிகச் சத்தமாக. மற்ற வேலைக்காரர் உன்னால் எங்களுக்கு எழுத்து வேலை என்று இரண்டு கிழமை முகம் கொடுக்கவில்லை. ஏழாம் அறைக் கிழவர் குடிக்கத் தொடங்கினார். ரப்பர் செடிதான் பாவம், இலை கொட்டியது.

நகரசபை அம்மா பிறகும் வந்தார். வந்தால் குழாயடிக்குத்தான் முதலில் போவார். இல்லத்துக்குப் புதுக் கிளாஸ் வாங்கினபோது பழையதைக் கேட்டேன். பொறுப்புத் தாதி ஒன்றும் கேட்காமல் கடுதாசியில் சுற்றித் தந்தார்.

இப்போது நான் ஓய்வு. சிறுநீரகத்தில் கல். நாளுக்கு இரண்டு லீட்டர் குடிக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். குளிர்பெட்டிக் கதவில் மனைவி ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். யன்னலில் ஒரு கறிவேப்பிலைச் செடி. இந்த நாட்டுக் குளிரில் வருடா வருடம் மொட்டையாய் நிற்கும். இந்த வருடம் பச்சைப் பசேல் என்று நிற்கிறது.

நேற்று அந்தத் தாளைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மனைவியின் எழுத்து. நான் இல்லத்தில் என்ன எழுதினேன் என்று அவளுக்குத் தெரியாது. 'பத்து மணி. ஒரு கிளாஸ். குடிக்கேல்லை. கறிவேப்பிலை நல்லா வளருது.'

மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. கடுகுக் கிளாஸை எடுத்தேன். உடைவு இல்லாத பக்கத்தைத் திருப்பிக் குழாயைத் திறந்தேன். நின்றபடி குடித்தேன். மிச்சத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"நூற்றைம்பது," என்றேன்.

அவள் அடுப்படியில் திரும்பாமலே சொன்னாள்: "மிச்சத்தையும் குடியுங்கோ. பிறகு எழுதுறன்."