பூசையில் இருந்த ரஷ்யப் புத்தகம்

டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவிக்கொண்டிருந்த எனக்கு ஒரு பழைய புத்தகக் கடையில் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். புத்தகங்களோடு வேலை என்று ஊருக்கு எழுதியும் விட்டேன். அதனாலேயே, அந்த வேலை எந்த நேரமும் போய்விடும் என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது.

கடைக்காரி ஒரு ரஷ்ய அம்மா. முழங்கால் வலியால் நடக்க முடியாமல், ஒரு சனிக்கிழமை கடை பூட்டும் நேரத்தில் என்னிடம் ஒரு பொதியைத் தந்தார். ஒரு கிறிஸ்தவ ஞானி, ஆன்மா கடவுளைத் தேடிப் போவதைப் பற்றி எழுதிய நூல். ரஷ்ய மொழியில் முதன்முதல் வந்த பதிப்பு. இப்போது எங்கும் கிடைக்காது. மறுநாள் பின்னேரம் நான்கு மணிக்கு, நகருக்கு வெளியே கர்க்லாண்டில் அதை வாங்குபவரிடம் நேரே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

அந்த ஞாயிறுதான் சரஸ்வதி பூசை. ஜான்-டலோன் சந்தையில் வாழைப்பழமும் பூவும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், பொதி சுற்றிய தாள் மட்டும் என் கட்டிலில் மடித்துக் கிடந்தது. புத்தகம் சாமி படத்துக்கு முன்னால், எங்கள் அகராதிக்கு மேல், தோல் அட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்து இருந்தது. என்னோடு அறையில் இருந்த ஊர்க்கார அண்ணை மணி அடித்துக்கொண்டிருந்தார்.

“கடவுளைப் பற்றின புத்தகம் எண்டு நீதானே சொன்னாய். அதைக் கட்டிலிலை போட்டிட்டு டிக்‌ஷனரியையோ பூசைக்கு வைக்கிறது?”

“அண்ணை, அதை நாலு மணிக்குக் குடுக்கவேணும்.”

“நாளைக்கு ஏடு திறந்த பிறகு குடு. இண்டைக்குத் தொடப்படாது.”

என் கை நீண்டது, திரும்பியது. பூசையில் வைத்த புத்தகத்தை அன்றைக்கு எடுத்தால் படிப்பு வராது என்று பயந்து வளர்ந்தவன் நான். படித்தவர் வேறு யாரும் இல்லாத வீட்டில் அந்தப் பயம் இரண்டு மடங்கு. குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கடைசியில் கடைக்கார அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து உள்ளதைச் சொன்னேன். சந்தனம் ஈரமா என்று மட்டும் கேட்டார்.

டாக்ஸியில் வந்தார். பொல்லை ஊன்றிப் படியேறி, கைக்குட்டையால் அட்டையை ஒற்றி எடுத்தார். சிவப்பு வட்டம் ஒன்று போகவே இல்லை. எங்கள் தொலைபேசியிலேயே கர்க்லாண்டுக்காரரோடு பிரெஞ்சில் கதைத்தார். கறை பட்ட புத்தகம் அவருக்கு வேண்டாமாம்.

அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் விடவில்லை.

“புத்தகத்துக்குச் சொந்தக்காரி எடுத்தாக் குற்றமில்லை. ஆனா ஒரு வரி வாசிச்சிட்டு எடுக்கச் சொல்லு.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, நின்றபடியே ஒரு பக்கத்தைத் திறந்து ரஷ்ய மொழியில் மெல்ல வாசித்தார். ஒரு வரி என்றது நீண்டது. அண்ணை கைகூப்பி நின்றார். எனக்கோ ஒரே எண்ணம்: வேலை இருக்கிறதா, இல்லையா?

வாசலில் வைத்துத்தான் அம்மா என்னிடம் சொன்னார். செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வரலாம். ஆனால் இனி ஒரு புத்தகமும் என் கையில் கடையைவிட்டு வெளியே போகாது.

அந்தப் புத்தகம் கடையின் கண்ணாடி அலுமாரிக்குத் திரும்பிவந்தது. ஒவ்வொரு காலையும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன். அலுமாரிப் பூட்டின் திறப்பு அவரிடம் இருந்தது.