பிள்ளையார் அறையில் பொரித்த மீன்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு வாய் திறக்கும். தொண்ணூறுகளின் பிற்பாதியில், இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை அது திறந்து சொன்ன ஒரு பொய்யால் எங்கள் பிள்ளையார் தெருவுக்கு வரப் பார்த்தார்.

நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில், கடற்கரைக்குப் போகிற சந்து ஒன்றில், பழைய மாளிகையின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. வாடகை ஒப்பந்தத்தின்படி அது சாமான் போட்டுவைக்கும் அறை. சாமான் என்று பார்த்தால் ஒரு பிள்ளையாரும் ஒரு குத்துவிளக்கும்தான். ஒப்பந்தம் என் பெயரில். ஒழுங்கான பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, கையில் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். "என்ரை பேரைப் போடுங்கோ, என்ன வந்தாலும் நான் பாக்கிறன்" என்று சொன்னதும் இதே வாய்தான்.

அங்கே கும்பிட அனுமதி எடுக்கவேண்டுமா என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களே.

பூசை செய்தவர் மீன்பிடி ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஓர் உணவகத்தில் மீன் வெட்டுகிறவர். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு வருவார். மீன் வாடை அடிக்கும் வேலை ஏப்ரனை மட்டும் ஒரு பையில் சுற்றிக் கதவோரம் வைப்பார்.

அன்று கற்பூரம் கொஞ்சம் கூடிவிட்டது. புகை வருகிறது என்று மேல்மாடி சினோரா, அதாவது அந்த வீட்டு அம்மா, பொலிஸுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். நகரசபைப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து ஷட்டரில் தட்டினார். அது பாதி திறந்திருந்தது. பக்கத்தில் நின்ற நான் அதை மேலே தூக்கியிருக்கவேண்டும். கீழே இழுத்துவிட்டேன்.

பதினொரு பேர், ஒரு தட்டுக் கற்பூரம், ஜன்னல் இல்லாத அறை. பூசைக்காரர் மணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். யாரோ இருமினார்கள். அதை அடக்கச் சொல்லப்போய் நானும் இருமினேன். வெளியே தட்டுவது நிற்கவில்லை.

"திறவுங்கோவனப்பா, உள்ளுக்கை கிடந்து சாகப்போறம்" என்றார் என் மனைவி.

முழங்கால் உயரத்துக்கு ஷட்டரைத் தூக்கி ஊர்ந்து வெளியே வந்தேன். ஏப்ரன் பையும் காலில் சிக்கிக்கொண்டு கூடவே வந்தது. என்ன புகை என்று கேட்டார் பொலிஸ்காரர். நான் அவருடைய தொப்பியைப் பார்த்தேன். பையைப் பார்த்தேன்.

"மீன் பொரிக்கிறம்" என்றேன்.

அவர் பையைப் பார்த்தார், மூக்கைச் சுருக்கினார், எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன். சில நாட்களில் கடிதம் வந்தது: அனுமதியில்லாமல் சாப்பாட்டுக்கடை நடத்தியதற்காக முப்பது நாளில் அறையைக் காலி செய்து மூடவேண்டும்.

மனைவிக்குக் கடிதத்தை விட மீன்தான் பெரிது. "வெள்ளிக்கிழமையிலை, பிள்ளையாருக்கு முன்னாலை நிண்டு மீன் எண்டு சொல்ல உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?" பிள்ளையாருக்கு முன்னால் இல்லை, ஷட்டருக்கு வெளியே என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

மனைவி துப்புரவு வேலை செய்த வீட்டுச் சினோராவின் மகள் ஓர் அப்புக்காத்து, அதாவது வழக்கறிஞர். அவர் எங்களிடம் காசு கேட்கவில்லை. கண் மினுங்க ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து மனித உரிமை நீதிமன்றத்தைப் பற்றிக் கதைத்தார். வேறொரு நாட்டில் ஒரு சிறு சபையார் வாடகை அறையில் அனுமதியில்லாமல் கும்பிட்டுத் தண்டனை வாங்கியிருக்கிறார்கள். அந்த நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றதாம். அரசாங்கம் சட்டதிட்டம் வைக்கலாம், ஆனால் யாருடைய நம்பிக்கை சரி என்று நிறுத்துப் பார்க்க அதற்கு உரிமையில்லை என்று சொன்னதாம்.

அப்படியென்றால் நாளைக்கே தபாலில் போடுவோம் என்றேன்.

அப்புக்காத்து விரலைத் தூக்கினார். முதலில் இந்த நாட்டு நீதிமன்றங்களில் ஏறவேண்டிய படியெல்லாம் ஏறித் தோற்கவேண்டும். கடைசியாகத் தோற்று ஆறு மாதத்துக்குள் அங்கே போகவேண்டும். இங்கே வாய் திறக்காத குறையை அங்கே போய்ப் புதிதாகச் சொல்ல ஏலாது. பிறகு நான் கையெழுத்து வைத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதிலை கடவுள் எங்கை? மீன்தானே இருக்கு. கும்பிடுற உரிமைக்கு ஒரு பிரிவு இருக்கு. பொரிக்கிற உரிமைக்கு இல்லை."

உண்மையைச் சொன்னால் நான் பொலிஸுக்குப் பொய் சொன்னவன். அந்த மாதமே குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் என் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கிடந்தது. சொல்லாவிட்டால் பிள்ளையார் தெருவில். பிள்ளையாரை அகதியாகப் பதிய வழியுண்டா என்று கேட்டேன். அப்புக்காத்து சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, பழக்கதோஷத்தில் கேட்டது. இரண்டு கிழமை பல்லரோச் சந்தை வழியே வேலைக்குப் போனேன். தட்டுகளில் கிடந்த மீன்களெல்லாம் சாட்சி சொல்ல வந்தவை போல என்னையே பார்த்தன.

பூசைக்காரர் ஒருநாள் வேலைத்தலத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். குளிக்காமல் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. "அண்ணை, ஏப்ரன் என்ரைதானே. மீன் நான்தான் பொரிச்சனான் எண்டு போய்ச் சொல்லுறன். நீங்கள் பயப்பிடாதையுங்கோ" என்றார். அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. போனால் வெளியே வரமாட்டார். அது அவருக்கும் தெரியும். மனைவி தேத்தண்ணியை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அடுத்தநாள் நகரசபைப் பொலிஸுக்குப் போனேன். அதே ஆள் இருந்தார். வாக்குமூலத்தைத் திருத்தவேண்டும், அங்கே நாங்கள் கும்பிடுகிறோம் என்றேன். யாரை என்று கேட்டார். தும்பிக்கையைக் கையால் காட்டினேன். தட்டச்சு செய்தார்.

"அப்ப மீன்?"

"மீன் இல்லை."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும். நான் ஸ்ஃபெர்ராகவால்லோவிலை பிறந்து வளந்தவன். பொரிக்கிற மீன் எப்பிடி மணக்கும் எண்டு எனக்குத் தெரியாதே? நீ மீன் எண்டாய், நான் மீன் எண்டு எழுதினன்."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். பயம் என்றேன். அதையும் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, ஒரு பிரதி தந்தார். நான் பயந்தாங்கொள்ளி என்பதற்கு அரசாங்கச் சான்று என்னிடம் இன்றைக்கும் இருக்கிறது.

பொய் சொன்னதற்கு வழக்கு வரவில்லை. பெர்மெஸ்ஸோ மூன்று தரம் வரிசையில் நின்ற பிறகு கிடைத்தது. அப்புக்காத்து வழக்குப் போட, மூடச் சொன்ன கட்டளையைத் தீர்ப்பு வரும்வரை உள்ளூர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஆனால் தீர்ப்பு வந்தபாடில்லை. தவணை, மறு தவணை. ஒருமுறை நீதிபதி மாறினார், ஒருமுறை கோப்பைக் காணவில்லை. தோற்றால் ஸ்ட்ராஸ்பூர்க், வென்றால் வீடு. இரண்டுக்கும் விடுகிறார்கள் இல்லை. அப்புக்காத்துக்குத்தான் மனவருத்தம். நாங்கள் வெள்ளிக்கு வெள்ளி கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

பூசை நேரத்தில் ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டு வாசலில் நிற்பது என் வேலை என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அது மட்டும் ஒரே தவணையில் முடிந்த வழக்கு. பின்னால் பிள்ளையார், முன்னால் தெரு. நகர இடமில்லை. முதல் வெள்ளியே மேல்மாடி சினோரா மரக்கறிப் பையோடு வந்து நின்று, இது என்ன புகை என்று கேட்டார்.

என் வாய் திறந்தது. உள்ளே மனைவி தொண்டையைச் செருமுவது கேட்டது.

"கும்பிடுறம் சினோரா" என்றேன்.