மறதிக் கணக்கெடுப்பு

கிராமங்களில் செல்போன் தலைகாட்டத் தொடங்கியிருந்த காலம். முதுமையில் வரும் மறதி நோயைப் பற்றிய ஓர் ஆய்வில், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் வேலை. படிவத்தைத் தயாரித்தவர்கள் பட்டணத்துக்காரர்கள் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. "நாம் இப்போது எத்தனையாவது மாடியில் இருக்கிறோம்?" என்று ஒரு கேள்வி. கூரை வீட்டு மண்தரையில் உட்கார்ந்து அதை நான் கேட்டபோது, பெரியவர்கள் என் மூளையைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

செட்டிகுளம் பக்கம் ஒரு வீடு. எழுபதைத் தாண்டிய விவசாயி எனக்கு எதிரே கட்டிலில் இருந்தார். அவர் மனைவி என் முதுகுக்குப் பின்னால் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமைங்க ஐயா?"

அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் போய்த் திரும்பியது. "வியாழன்."

"மாசம்?"

மறுபடி போய்த் திரும்பியது. "ஐப்பசி."

எல்லாம் சரி. முழு மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தேன். பசு, கிணறு, குடை என்று மூன்று சொற்களைச் சொல்லி, சற்றுக் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்டேன்.

"பசு... கிணறு..." அதோடு நின்றுவிட்டார். பார்வை என் தோளைத் தாண்டிப் போனது; இந்த முறை திரும்பவில்லை.

"என்னாடி, மூணாவது?" என்றார் பொறுமையிழந்து.

"எனக்கும் மறந்துபோச்சு, இருங்க!"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மறுபடியும் கிழமை கேட்டேன். பெரியவர் வாசலையே பார்த்தார்.

"அவ வரட்டும், சொல்றேன்."

நான் வெளியே வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, மார்க் கொறைஞ்சா ரேஷன் கார்டுல அவரு பேரை அடிச்சிடுவாங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்கம்மா. டாக்டர் வந்து பாக்கத்தான் இது."

அதன் பிறகு கொட்டித் தீர்த்தார். இரண்டு வருடமாக இப்படித்தானாம். சட்டை மேல் சட்டை போடுவாராம். அடுத்தவர் கொல்லையில் போய்க் களை பிடுங்குவாராம். "சில நாள் செத்துப்போன அவுங்க அக்கான்னு நெனச்சி, என்னைய 'அக்கா'ங்கிறாரு. நானும் 'என்னடா தம்பி'ன்னுடுவேன். அந்த நேரத்துலதான் அவரை 'டா' போட முடியுது!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தார்.

மறுவாரம் டாக்டரை அழைத்துப் போனேன். முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை, தனியாக வெளியே விடாதீர்கள் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அந்த அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு, படிவத்தைத் தயாரித்தவர்கள் மாடிக் கேள்வியை அடித்துவிட்டார்கள். வீட்டில் கூட இருப்பவரைத் தனியாகக் கேட்க, படிவத்தில் ஒரு பக்கம் சேர்த்தார்கள். எந்த வீட்டிலும் அந்தப் பக்கம் போதவில்லை. ஓரங்களிலும் பின்புறத்திலும் எழுதி நிரப்புவேன்.