வருகைப் பதிவில் இரண்டு கட்டங்கள்

ஈப்போ குனோங் ராபாட்டில் எங்கள் தாமான் மக்கள், அதாவது எங்கள் குடியிருப்புக்காரர்கள், ஒரு வரலாற்று முடிவை எடுத்தார்கள். நுழைவாயிலில் வைக்கப்போகும் தடுப்புக் கம்பத்துக்குச் சிவப்பு வெள்ளை வேண்டாம், மஞ்சள் கறுப்புதான் என்று.

மூன்று மணி நேர விவாதம். இருவர் வெளிநடப்புச் செய்தார்கள். அதில் ஒருவர் மகளை டியூஷனிலிருந்து கூட்டிவரப் போனதாகப் பிறகு தெரிந்தது. செயலாளர் என்ற முறையில் நான் அனைத்தையும் மினிட்டில் எழுதிக்கொண்டேன்.

கம்பமே வேண்டுமா என்ற கேள்வி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எல்லோரும் கை தூக்கினோம்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, ஏனோ தெரியவில்லை, ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் மூக்கில் வந்து நின்றது...

சுங்காய்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்தவன் நான். அங்கேயும் ஒரு கேட் இருந்தது. குறுக்கே இரும்புச் சங்கிலி, ஓரத்தில் தகரக் கொட்டகை, அதற்குள் காவலுக்கு ஒரு ஜாகா. வெளியாள் யாராவது எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் தங்கினால் ஆபிசில் சொல்லி அனுமதி வாங்க வேண்டும்.

ஒரு முறை என் மாமா, அம்மாவின் தம்பி, பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். மழையில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் படுத்துக்கொண்டார். அப்பா ஆபிசில் சொல்லவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில், எல்லோரையும் நிற்கவைத்துப் பேர் கூப்பிடும் இடத்தில், தொரை அப்பாவை முன்னால் அழைத்து, உன் வீட்டில் யார் என்று கேட்டார். செய்தி லயத்துக்கு வந்ததும் மாமா குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் பையை எடுத்தார்.

அப்பா அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

“நமக்குன்னு ஒரு வீடு வரட்டும். யாரு வந்தாலும் எவன்கிட்டயும் கேக்க வேணாம்.”

வீடு வந்தது. எஸ்டேட் கைமாறியது, ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம், நான் வேலை பார்த்து இந்தத் தாமானில் ஒரு தெரஸ் வீடு வாங்கினேன். அப்பா இங்கேதான் கண்ணை மூடினார். வருடா வருடம் திதிக்கு சுங்காயிலிருந்து அக்கா வருவாள். அவள் கொண்டுவரும் நெத்திலிக் குழம்பு இல்லாமல் படையல் தொடங்காது.

அக்காதான் மூத்தவள். லயத்திலேயே பிறந்தவள். அவள் பிறந்ததை அப்பா நேரே போய்க் கிராணியிடம் சொன்னார். கிராணி என்றால் எஸ்டேட் குமாஸ்தா. அவரும் பெரிய புத்தகத்தில் எழுதிக்கொண்டார். கிராணி எழுதிவிட்டால் அரசாங்கமே எழுதிய மாதிரி என்று அப்பா நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டார். அது அரிசி அளந்து கொடுப்பதற்கான புத்தகம் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மற்ற பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறந்தோம். எங்களுக்கு நீல ஐ.சி., குடிமக்களுக்கான அடையாள அட்டை. அக்காவுக்குச் சிவப்பு. நாட்டில் நிரந்தரமாகத் தங்கலாம், குடிமகள் இல்லை. மூன்று முறை மனு போட்டாள். பரிசீலனையில் இருக்கிறது...

கேட்டுக்கான வருகைப் பதிவுப் படிவத்தைத் தயாரித்தவன் நான். இரண்டே கட்டங்கள். மலேசியர் என்றால் நீல ஐ.சி. எண். வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட் எண். யாருக்கும் விதிவிலக்கு இல்லை என்ற வரியையும் நானே சேர்த்தேன். கூட்டத்தில் கைதட்டினார்கள்.

அந்த வருடத் திதியன்று காலையில் செக்யூரிட்டி போன் செய்தான். போனேன். கேட் ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள், மடியில் தூக்குவாளி. காவலுக்கு நின்ற அந்த நேப்பாளத்துப் பையன் அவளிடம் மரியாதையாகப் பாஸ்போர்ட் கேட்டிருக்கிறான். அக்கா தன் வாழ்நாளில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததில்லை.

நடைப்பயிற்சிக்கு வந்த எங்கள் தலைவரும் அங்கே நின்றார். நல்ல மனிதர். என்னைத் தனியே அழைத்தார்.

“ரூல் நீங்க எழுதுனதுதானே அண்ணே? இன்னைக்கு உங்க அக்காவ விட்டா, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க லா. ஒன்னு செய்ங்க. ஃபாரினர்ல டிக் போட்டு, பாஸ்போர்ட் எடத்துல செவப்பு ஐ.சி. நம்பர எழுதிருங்க. அஞ்சு செகண்டு வேல.”

நியாயமாகத்தான் பட்டது. பேனாவை வாங்கி அக்காவிடம் நீட்டினேன்.

அவள் படிவத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

“இத யாருடா அடிச்சது?”

“நாந்தாங்க்கா.”

“நம்ம கிராணி செத்துட்டாருன்னுல்ல நெனச்சேன்.”

கோபம் எதுவும் இல்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நான் சுங்காய்ல பொறந்தவ தம்பி. இதுல டிக் போட மாட்டேன்.”

தூக்குவாளியை என் கையில் வைத்து, ஆறுவதற்குள் போய்ப் படைக்கச் சொன்னாள். பிறகு பெரிய ரோட்டுப் பக்கம் நடந்தாள். குழம்பு சிந்திவிடும் என்பதால் நான் பின்னால் ஓடவில்லை.

இதை நான் பதிவிடும் இந்தக் குழுவில் நண்பர்கள் வாரம் ஒரு முறையாவது கேட்கிறீர்கள், நம் சமுதாயம் முன்னேறியிருக்கிறதா என்று. முன்னேறியிருக்கிறது. அன்று எங்களைக் கேட்காமல் தொரை சங்கிலி போட்டார். இன்று நாங்களே கை தூக்கி, மாதச் சந்தா கட்டி, கம்பம் போட்டுக்கொள்கிறோம். அன்று கிராணி எங்களில் ஒருவர் இல்லை... இப்போது அந்தக் குறையும் நீங்கிவிட்டது.

அடுத்த கூட்டத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று சேர்க்க வேண்டும் என்று முன்மொழிந்தேன். பரிசீலிக்கத் துணைக்குழு அமைத்தார்கள்.

இந்த வருடத் திதிக்கு அக்கா சுங்காயில் படைத்தாள். நான் இங்கே படைத்தேன்.