விக்னேஸ்வரன் உடைத்த கடல்

விக்னேஸ்வரன் யாரையாவது அடிக்கப் போகிறான் என்றால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவான். பக்கத்தில் நிற்பவனிடம் "இதப் புடி மச்சான்" என்று கொடுத்துவிட்டுத்தான் போவான். பதினேழு வயதுக்குள் ஒரு மூக்கையும் ஒரு கேண்டீன் மேசையையும் இரண்டு பற்களையும் உடைத்திருந்தான். பல் இரண்டும் ஒரே ஆளுடையவை. வீடு ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாயில், கல்லுடைக்கும் மலைக்குப் பின்னால். அப்பா கல் லாரி ஓட்டுகிறார். பள்ளி விட்டால் இவன் லாரி டயர் கடையில் வேலை செய்வான். ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது தப்புக்குப் பள்ளியை விட்டே நீக்கிவிடுவார்கள்.

நான் செமோரிலிருந்து இந்த ஆண்டுதான் மாறி வந்தேன். தமிழ் வகுப்பில் பதினொரு பேர். எங்களுக்கென்று அறை கிடையாது, பழைய அறிவியல் கூடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தோம். பாடம் வாசித்தால் நாங்கள் தூங்குகிறோம் என்று கலாதேவி டீச்சர் ஈப்போவில் பெரிதாக அச்சடித்த புகைப்படங்களைக் கொண்டுவந்து கண்ணாடி அலமாரியின் கதவில் ஒட்டினார். யாரோ ஒரு கலைஞர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்.

"ரெண்டு நிமிஷம் வாயத் தொறக்காம பாருங்க. அப்புறம் கண்ணுக்குத் தெரியறத மட்டும் சொல்லுங்க" என்றார்.

முதல் வாரம் நூலகம். கூரை வரை புத்தகம், ஆள் இல்லை. எங்கள் பள்ளி நூலகம் எப்போதும் பூட்டியே கிடக்கும், அதனால் நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம். விக்னேஸ்வரன் கை தூக்கினான். அதுவே அதிசயம்.

"இங்க யாரையும் அடிக்க முடியாது டீச்சர். ரெண்டு புத்தக ராக்குக்கு நடுவுல கைய வீச எடமில்ல."

எல்லாரும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. "நல்லா பார்த்திருக்க" என்றார். அன்று முழுக்க அவன் யாரையும் அடிக்கவில்லை.

அடுத்த வாரம் கடல். கரை இல்லை, படகு இல்லை, தண்ணீரும் வானமும்தான். டீச்சர் காலையிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தார். மற்றவர்கள் வருவதற்குள் பேனாவை எடுத்து, நடுக்கடலில் சின்னதாக ஒரு கை வரைந்துவிட்டேன். ஐந்து விரலும் விரித்தபடி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"கடலு இல்ல டீச்சர், ஈயக்குட்டை" என்றான் பவித்ரன். ஈயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைத்தான் நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். லூமுட் கடலைப் பார்த்தவர்கள் மூன்றே பேர்.

விக்னேஸ்வரன் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தான். கடிகாரத்தைக் கழற்றவில்லை. ஸ்டூலைத் தூக்கி வீசினான். டீச்சர் குறுக்கே வந்தார். டீச்சரின் மணிக்கட்டு முறிந்த சத்தம் கடைசி மேசை வரை கேட்டது. அவன் நிற்கவில்லை. வெறுங்கையால் கண்ணாடியைக் குத்திக் குத்தி, படத்தைப் பிய்த்தெடுத்தான். முழங்கை வரை ரத்தம். நான்கு பேர் சேர்ந்துதான் அவனைத் தரையில் அழுத்தினோம்.

ரத்தத்தைத் துடைக்கும்போது பவித்ரன் என்னிடம் சொன்னான்.

"ரெண்டு வருசம் முன்ன இவன் தம்பி தனேஷு குட்டையில போயிட்டான். கை மட்டும் மேல வந்துச்சாம். வெளையாடறான்னு நெனச்சு இவன் கரையில நின்னு சிரிச்சிருக்கான்."

அந்தப் பேனாவை நான் மறுபடி தொடவில்லை.

திங்கட்கிழமை விசாரணை. ஞாயிறன்று டயர் கடைக்குப் போய், வரைந்தது யாரென்று விக்னேஸ்வரனிடம் சொன்னேன். தையல் போட்ட கையைத் தொங்கவிட்டு, மற்ற கையால் அடித்தான். கீழே விழுந்தவுடன் மிதித்தான். முதலாளி வந்து இழுத்த பிறகுதான் விட்டான். நான் ஒன்றும் திருப்பித் தரவில்லை. தர முடிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

மறுநாள் வீங்கிய மூஞ்சியோடு விசாரணை அறைக்குள் போய், அந்தக் கையை வரைந்தது நான்தான் என்றேன்.

"மூஞ்சி என்ன?" என்றார் கட்டொழுங்கு ஆசிரியர்.

"படியில விழுந்தேன் சார்."

"எந்தப் படி?"

"நெறைய படி சார்."

அவர் விக்னேஸ்வரனைப் பார்த்தார். பிறகு நீக்கச் சொல்லும் புகாரை டீச்சர் பக்கம் தள்ளினார். டீச்சரின் வலது கையில் மாவுக்கட்டு.

"கையெழுத்துப் போட முடியாட்டி கட்டைவிரல் வைங்க."

"வைக்க மாட்டேன் சார். ஸ்டூல் படத்து மேலதான் வந்துச்சு. நான்தான் குறுக்க போனேன்."

அவர் இரண்டு முறை கேட்டார். டீச்சர் இடது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் அவனுக்குப் பதினான்கு நாள் இடைநீக்கம், எனக்கு மூன்று பிரம்படி. அவன் அப்பா வரவில்லை, லாரி கேமரன் மலைச் சாலையில் இருந்ததாம். வீட்டில் கொடுக்கச் சொல்லிக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தார்கள்.

பள்ளி வாசலில் அவன் நின்றான். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"வலிக்குதா?"

"மூஞ்சியா, குண்டியா?"

"குண்டிக்கு நான் பொறுப்பு இல்ல லா."

கடிதத்தை நான்காக மடித்தான். திரும்பப் பிரித்தான்.

"நீயும் வீட்டுக்கு வா. வெளியாளு இருந்தா அப்பா கம்மியா அடிப்பாரு."

போனேன். இருட்டிய பிறகு வந்த அப்பா அப்படியொன்றும் கம்மியாக அடிக்கவில்லை. நடுவில் போய் நின்றதில் எனக்கும் நாலு விழுந்தது.