சுவரைப் பார்க்கிற ஆள்

என் தம்பி மனைவிக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எதைக் கையில் கொடுத்தாலும் கண்ணருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். "இன்னிக்கு மழை வருமா?" என்று கேட்டால் சன்னல் பக்கம் போய் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தெரியல அண்ணி" என்பாள். தெரியலை என்று சொல்வதற்கா இத்தனை நேரம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. புற்றுநோய்ச் செல்களை வளர்க்கிறாள். ஊரில் நாய் வளர்ப்பார்கள், மீன் வளர்ப்பார்கள். இவள் ஆளைக் கொல்கிற ஒன்றைத் தட்டில் வைத்து, வேளை தவறாமல் தீனி போட்டு வளர்க்கிறாள். கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலேயே பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே?" என்றேன்.

"செல்லுக்குச் சாப்பாடு மாத்தணும் அண்ணி. இல்லேன்னா செத்துடும்."

"சாகட்டுமே! அதுக்குத்தானே உன்னை வேலைக்கு வெச்சிருக்காங்க?"

எங்கள் சண்டை அன்றைக்கு ஆரம்பித்தது. இன்று வரை ஓய்ந்தபாடில்லை.

எனக்குத் தொழில், வீடு மாற்றித் தருவது. ஒரு வண்டி, நாலு ஆட்கள், கயிறு, கம்பளி. தூக்குவது அவர்கள், கத்துவது நான். பதினாறு வருஷமாக இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடுகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவை வாங்கிய என் தம்பி, பதினோரு நாள் அதை அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். "ஒண்ணும் இல்லக்கா, சும்மா கொழுப்புக் கட்டி" என்று ஒரு சிரிப்பு வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான். எல்லாம் பாசம்தான், யார் இல்லை என்றார்கள்? பன்னிரண்டாம் நாள் பூதக்கண்ணாடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, அது புற்றுநோய்தான். ஆபரேஷன் பண்ணணும். பரவியிருக்கான்னு இன்னும் தெரியல" என்றாள். தம்பியை நான் கிழி கிழி என்று கிழித்தேன். அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி மறுபடி முளைத்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். அதற்கு முந்தின வாரம் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்டேன்.

"கட்டி இருந்த இடத்துலேயே இருந்தா வெட்டி எடுத்துடலாம் அண்ணி. அதுலேருந்து செல்லுங்க கிளம்பி வேற இடத்துக்குக் குடிபோகுது பாருங்க, அதுதான் ஆபத்து."

"குடிபோறதா? அது என் தொழிலாச்சே!"

அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள். செல்லின் உடம்பு பிசைந்த மாவு மாதிரி, எந்தச் சந்திலும் நீண்டு நுழைந்துவிடும். நடுவில் இருக்கிற உட்கரு மட்டும் பெரிசு, கெட்டி. அது நுழைந்தால்தான் செல் நுழையும்.

"அப்ப அது பீரோ" என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உட்கருவுக்குப் பீரோ என்றே பெயர்.

ரப்பர் கட்டியில், தலைமுடியைவிடப் பதினைந்து மடங்கு குறுகலான சந்துகளை வார்ப்பாள். அதற்குள் செல்களை விட்டு, அவை நெளிந்து போவதைப் படம் பிடிப்பாள். ஒரு மருந்தைக் கொடுத்தால் உட்கரு இன்னும் இறுகிப்போய் வாசலிலேயே மாட்டிக்கொள்கிறது என்று போன வருஷம் கண்டுபிடித்தாள். மருந்து கொடுத்த செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறு நின்றுவிட்டன. கொடுக்காதவை சரசரவென்று போய்விட்டன. கட்டுரை எழுதி அனுப்பினாள், அச்சிட ஒப்புக்கொண்டும் விட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மளிகைக்கடைக்காரரிலிருந்து வண்டி டிரைவர் வரை ஒருவரை விடாமல் சொன்னேன். உள்ளுக்குள், எனக்கே அந்த மருந்து வந்துவிட்ட மாதிரி தைரியமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நிஜ பீரோ எப்படிப் போகுதுன்னு வந்து பாரேன்" என்று அவளை வேலைக்கு அழைத்துப் போனேன். மூன்றாம் மாடி, குறுகின படிக்கட்டு, திருப்பத்தில் நெஞ்சை அடைக்கிற மாதிரி சுவர். மூன்று பேர் பீரோவைச் சாய்த்து இறக்கினார்கள். நாலாமவரை நாங்கள் குச்சி என்போம், அத்தனை ஒல்லி. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அவரு ஏன் அண்ணி தூக்காம நிக்கறாரு?"

"அவரு சுவரைப் பாக்கற ஆள். தூக்கறவன் கண்ணு பீரோ மேலயேதான் இருக்கும். நுழைஞ்சா போதும்னு தள்ளுவான். சுவர் பேந்துச்சா, நிலை விலகுச்சா, எதுவும் அவனுக்குத் தெரியாது. அதைப் பாக்கறதுக்குன்னே ஒரு ஆளு வேணும்."

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்ககிட்ட அப்படி ஒரு ஆள் இல்லையே" என்றாள். அப்புறம் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை என் முன்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் ரப்பரை வேகவைக்க இருப்பது ஒரே ஓவன். மூன்று குழுக்கள் முறை வைத்து அதைப் பயன்படுத்துகின்றன. நாலு மணி நேரம் வேக வேண்டியதை, அடுத்தவர் வந்து நின்றால் இவள் ஒரு மணி நேரத்திலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நல்ல மனசு! வேகாத ரப்பர் தொளதொளவென்று இருந்திருக்கிறது. மருந்து கொடுக்காத செல் முட்டினால் சந்தே விரிந்து வழி விட்டிருக்கிறது. மருந்து கொடுத்த செல்களுக்குச் சந்து வார்த்த நாட்களிலோ ஓவன் முழு நேரமும் இவள் கையில் இருந்திருக்கிறது. அந்தச் சுவர்கள் கல் மாதிரி.

"படத்துல எல்லாம் இருந்துது அண்ணி. நான் உட்கருவை மட்டும்தான் அளந்தேன். சுவரை ஒரு தடவைகூட அளக்கல. செல்லை நிறுத்தினது மருந்து இல்ல, சுவரு. கட்டுரையைத் திரும்ப வாங்கப் போறேன்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "அச்சுக்குப் போனதை எவளாவது நிறுத்துவாளா? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா என்ன? எனக்கு இருந்த ஒரே தைரியம் அதுதான்டி!"

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே உறைத்தது. அவள் அழுதாள். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அவளுடைய மேலதிகாரி மூன்று நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டு, நாலாம் நாள் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாராம். நான் அவரைவிட ரோஷக்காரி, ஒரு மாதம் பேசவில்லை.

எட்டு மாதம் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். ஓவன் மேல் பூட்டு. எது மருந்து, எது வெறும் தண்ணீர் என்று தெரியாத ஒரு சக ஊழியரை, சுவரை மட்டும் அளக்க உட்கார வைத்தாள். அவருக்கும் அங்கே பெயர் குச்சியாம். ஆள் நல்ல குண்டு.

கடைசியில் தேறியது கொஞ்சம்தான். மருந்து செல்லை நிறுத்தவில்லை, சற்றே தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. ஆனால் சுவர் சரியாக வெந்த பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. நெருக்கித் தள்ளுகிறபோது உட்கருவின் உறை கிழிகிறது, செல் அதற்கு அவசர அவசரமாக ஒட்டுப் போட்டுக்கொண்டு ஓடுகிறது. "அந்த ஒட்டுப் போடறதைத் தடுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தெரியல அண்ணி" என்றாள். இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போன திங்கட்கிழமை என் ஸ்கேன் முடிவு வந்தது. உறையை வாங்கிய தம்பி, பிரித்து ஒரு நோட்டம் விட்டு, "எல்லாம் நல்லா இருக்குக்கா! ஒண்ணும் இல்ல!" என்று பழைய சிரிப்பைச் சிரித்தான். எனக்கு அந்தப் பதினோரு நாள் ஞாபகம் வந்தது. அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போய் அடுக்களையில் நின்றிருந்தவளிடம் நீட்டினேன்.

"நீ படி."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"நுரையீரல் சுத்தமா இருக்கு. எலும்பு சுத்தமா இருக்கு. கல்லீரல்ல ஒரு சின்னப் புள்ளி இருக்கு அண்ணி. என்னன்னு இதுல எழுதல. எனக்கும் தெரியல. கேட்டுச் சொல்றேன்."

பின்னால் நின்ற தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கோ அது போதுமாக இருந்தது. வண்டி வந்திருந்தது, வேலைக்குப் போனேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். "வெறும் நீர்க்கட்டி அண்ணி. பழைய ஸ்கேன் எல்லாத்தையும் பக்கத்துல வெச்சு அளந்து பாத்தோம். முன்னாடியும் இருந்திருக்கு, துளி வளரல. ஒண்ணும் இல்ல."

ஒண்ணும் இல்லை என்று அவள் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வேறு யாரையும் கேட்கவில்லை.